வெறும் தண்ணீர் என்று சொன்னேன்: ஒரு திருத்தம்



சில மாதங்களுக்கு முன் இந்த வானொலியில் உப்பளங்களைப் பற்றிப் பேசினேன். அந்தப் பேச்சு இந்த மடலிலும் அச்சாகி வந்தது. அதில் ஓரிடத்தில், "கடல் நீரில் இருந்து உப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர்தான்" என்று சொல்லியிருந்தேன். அது பிழை. அந்தப் பிழையைத் திருத்துவதற்காகவே இம்மாதப் பேச்சை எடுத்துக்கொள்கிறேன். திருத்தம் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பிழையைப் பிடித்தவர் ஒரு நேயர். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் தொலைபேசியில் வந்தார். "சேர், என்னைத் தெரியுதோ?" என்று கேட்டார். குரலை வைத்து எனக்குத் தெரியவில்லை. 1984ஆம் ஆண்டு வடமராட்சியில் நான் இரசாயனம் படிப்பித்த வகுப்பில் முன் வாங்கில் இருந்தவராம். இப்போது இங்கே ஒரு நீர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார்.

"சேர், நீங்கள் அப்பவும் இதைத்தான் சொன்னீங்கள். நான் அப்பவே ஒரு கேள்வி கேட்டனான்" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி ஞாபகம் இல்லை. அவருக்கு இருந்தது. "கடல் தண்ணி நுரைக்குது. கிணத்துத் தண்ணியை என்னதான் அடிச்சாலும் நுரை நிக்குதில்லை. அது ஏன் சேர்?" இதுதான் கேள்வி. நான் சொன்ன பதில், "உப்புத்தான் காரணம். இரு பிள்ளை."

"வீட்டை போய்க் கிணத்துத் தண்ணிக்குள்ளை உப்பைப் போட்டு, போத்தலிலை விட்டுக் குலுக்கிப் பார்த்தனான் சேர். நுரை நிக்கேல்லை. உங்களிட்டை வந்து சொல்லப் பயமாய் இருந்தது."

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவனுக்கு அது இயல்பு. அடுத்த வாரம் அவர் ஒரு தடித்த உறையில் சில கட்டுரைகளின் பிரதிகளை அனுப்பினார். அவற்றைப் படித்து முடிக்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது. கோபம் முதல் வாரத்திலேயே போய்விட்டது.

கஞ்சித் தண்ணீர்

சோறு வடிக்கும்போது கஞ்சி பொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குமிழி வரும், உடைந்து போகும். அரிசி போட்ட தண்ணீரில் நுரை நிற்கும். அரிசியில் இருந்து மாப்பொருளும் கொஞ்சம் புரதமும் தண்ணீரில் இறங்கியிருப்பதால் அவை குமிழியின் தோலைப் பிடித்து வைத்திருக்கின்றன.

கடலும் அப்படித்தான். உப்பு குமிழிகளைச் சிறிதாக்கும், அவை ஒன்றோடொன்று சேர்வதைத் தாமதமாக்கும். ஆகவே என் பழைய பதிலில் ஒரு துளி உண்மை இருந்தது. ஆனால் கரையில் நுரை குவிந்து நிற்பதற்கு உப்பு மட்டும் போதாது. உயிர்களின் உடலில் இருந்து வந்து நீரில் கரைந்திருக்கும் சர்க்கரைகள், புரதங்கள், கொழுப்புகள், பெயர் வைக்க முடியாத ஆயிரக்கணக்கான வேறு பொருட்கள் வேண்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கரைந்த சேதனப் பொருள் என்கிறார்கள். கடல் என்பது மிக மிக நீர்த்த ஒரு கஞ்சி.

எவ்வளவு நீர்த்தது என்றால், ஒரு லீற்றர் கடல் நீரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம் இருக்கும். கரைந்த சேதனப் பொருளில் உள்ள காபனோ மேற்பரப்பில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஆழத்தில் அரை மில்லிகிராம் அளவு. முப்பத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லாத ஒன்றை வகுப்பறையில் "வெறும் தண்ணீர்" என்று சொன்னால் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

குறை என்னவென்றால், கடல் மிகப் பெரியது. இந்தச் சிறு அளவை உலகக் கடல்கள் முழுவதற்கும் பெருக்கினால் 66,200 கோடி தொன் காபன் வருகிறது. கடலில் வாழும் திமிங்கிலம், மீன், இறால், பாசி, பற்றீரியா எல்லாவற்றின் உடலிலும் உள்ள காபனைக் கூட்டினாலும் இது அதைவிட நூறு மடங்குக்கு மேல். காற்றில் காபனீரொட்சைட்டாக இருக்கும் காபனோடு ஒப்பிடக்கூடிய அளவு. இதைத்தான் நான் "வெறும்" என்ற ஒரு சொல்லால் துடைத்துவிட்டேன்.

முதலில் அளந்தவர்கள்

இந்தக் கதை ஒரு பிழையில் தொடங்குகிறது. 1907 முதல் 1909 வரையான ஆண்டுகளில் ஓகுஸ்ட் பூற்றர் என்ற ஜேர்மனிய உடலியலாளர் ஒரு கணக்குப் போட்டார். கடல் விலங்குகளுக்குத் தேவையான உணவு எவ்வளவு, நீரில் மிதக்கும் சிற்றுயிர்களில் கிடைப்பது எவ்வளவு என்று பார்த்தார். கிடைப்பது போதாது என்று வந்தது. அப்படியானால் விலங்குகள் நீரில் கரைந்திருக்கும் சேதனப் பொருளை நேரே உறிஞ்சித்தான் வாழ்கின்றன என்று முடிவு கட்டினார். அவர் அளந்த சேதனப் பொருளின் அளவோ, இன்று நாம் அறிந்ததைவிடப் பல மடங்கு அதிகம்.

பூற்றருக்குப் பதில் சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஓகுஸ்ட் குறோ. மயிர்த்துளைக் குழாய்களில் குருதி ஓடும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 1920இல் நோபல் பரிசு பெற்றவர். 1930களில் அவர் கடல் பக்கம் திரும்பினார். கடல் நீரில் கரைந்துள்ள சேதனக் காபனையும் நைதரசனையும் அளப்பதற்கு 1934இல் ஒரு முறையை வெளியிட்டார். அதில் அவரோடு வேலை செய்த இளம் அமெரிக்கர் அன்சல் கீஸ். இந்தப் பெயரை உங்களில் சிலர் வைத்தியரிடம் கேட்டிருப்பீர்கள். கொழுப்பு உணவுக்கும் இருதய நோய்க்கும் உள்ள தொடர்பைப் பிற்காலத்தில் பல நாடுகளில் ஆராய்ந்து புகழ் பெற்ற அதே கீஸ்தான்.

உப்புக்கு நடுவே இவ்வளவு சிறு அளவு காபனைத் தேடுவது இலகுவான வேலை அல்ல. சேதனப் பொருளை எரித்துக் காபனீரொட்சைட்டாக்கி அளக்கலாம். ஆனால் கடல் நீரில் கரைந்த காபனேற்று வேறு ஏராளமாக இருக்கிறது. அதை முதலில் அமிலமிட்டு வெளியேற்ற வேண்டும். உப்பு எரித்தலைக் கெடுக்கும். பாத்திரத்தில் பட்ட விரல் அடையாளம் கூடக் கணக்கைக் குழப்பும்.

குறோவின் அளவீடுகள் இரண்டு விடயங்களைக் காட்டின. பூற்றர் சொன்ன அளவு மிகையானது. ஆனால் சரியான அளவு கூட, கடலில் உயிரோடு இருக்கும் உடல்கள் எல்லாவற்றையும் விடப் பல மடங்கு பெரியது. அந்தப் பொருள் விலங்குகளுக்கு உணவாவதற்குச் சான்று இல்லை என்றும் குறோ சொன்னார். ஆக, பெரிய களஞ்சியம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதை யாரும் சாப்பிடுவதாகத் தெரியவில்லை. பலரும் அத்தோடு அந்தக் கேள்வியை மூடி வைத்துவிட்டார்கள்.

எண்ணத் தெரியாமல் எண்ணியது

அந்தக் களஞ்சியத்தில் சாப்பிடக்கூடியவர்கள் பற்றீரியாக்கள்தான். ஆனால் கடலில் பற்றீரியா குறைவு என்றுதான் அன்று நம்பினார்கள். அதற்குக் காரணம் எண்ணிய முறை.

ஏகார் என்ற கடற்பாசிக் கூழில் இறைச்சிச் சாறு போன்ற சத்துகளைக் கலந்து தட்டில் ஊற்றி, அதில் ஒரு துளி நீரை விட்டு, சில நாட்களில் எத்தனை புள்ளிகள் முளைக்கின்றன என்று பார்ப்பது அந்த முறை. வைத்தியசாலைகளில் நோய்க் கிருமிகளைப் பிடிக்க இது அருமையான வழி. அதைக் கடலுக்கும் கொண்டுபோனார்கள். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தில் குளோட் சோபெல் பல ஆண்டுகள் உழைத்து 1946இல் கடல் நுண்ணங்கியியலுக்கு ஒரு முழு நூலே எழுதினார். திறந்த கடலில் ஒரு மில்லிலீற்றரில் சில பத்து, சில நூறு என்ற கணக்கில்தான் புள்ளிகள் முளைத்தன.

தட்டில் முளைக்காதவை இல்லாதவை என்று எடுத்துக்கொண்டதுதான் சறுக்கல். நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் தட்டுக் கணக்கைவிட அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். ஆனால் பழைய வடிகட்டிகள் பஞ்சு போன்றவை. பற்றீரியாக்கள் அந்தப் பஞ்சுக்குள் ஒளிந்துவிடும்.

விடை எதிர்பாராத இடத்தில் இருந்து வந்தது. மெல்லிய பிளாஸ்ரிக் தாளை அணுப்பிளவில் பறக்கும் துகள்களால் துளைத்து, அந்தத் தடங்களை இரசாயனத்தால் அரித்தால், ஒரே அளவான வட்டத் துளைகள் கொண்ட தட்டையான வடிகட்டி கிடைக்கும். 1977இல் ஜோன் ஹொபியும் இரு சகாக்களும், 0.2 மைக்குரோமீற்றர் துளையுள்ள இத்தகைய வடிகட்டிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றினார்கள். பற்றீரியாக்களுக்கு அக்கிறிடின் ஒறேஞ்ச் என்ற ஒளிரும் சாயத்தைக் கொடுத்தார்கள். நீல ஒளியில் பார்த்தபோது கறுப்புத் தளத்தின் மேல் பற்றீரியாக்கள் நட்சத்திரங்கள் போலத் தெரிந்தன. எண்ண வேண்டியதுதான் மிச்சம்.

இந்த முறையில் எண்ணினால் ஒரு மில்லிலீற்றர் கடல் நீரில் ஏறத்தாழப் பத்து இலட்சம் வரை பற்றீரியாக்கள் இருக்கின்றன. ஒரு தேக்கரண்டியில் ஐம்பது இலட்சம். தட்டில் முளைத்தவை அவற்றில் நூற்றில் ஒன்று கூட இல்லை.

ஏன் முளைக்கவில்லை என்பதற்கு நல்ல விடை மிகப் பிந்தித்தான் வந்தது. 1990இல் ஸ்ரீபன் ஜியொவனோனியும் அவருடைய குழுவினரும் சர்காசோக் கடல் நீரில் இருந்த மரபுப் பொருளைப் படித்து, அதுவரை யாரும் வளர்த்திராத ஒரு பற்றீரியாக் கூட்டத்தின் அடையாளத்தைக் கண்டார்கள். கடலின் மேற்பரப்பில் உள்ள நுண்ணங்கிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்று பின்னர் தெரிந்தது. 2002இல்தான் ஆய்வுகூடத்தில் அதை வளர்க்க முடிந்தது. எப்படி? சத்து நிறைந்த கூழ் எதுவும் கொடுக்கவில்லை. கிருமி நீக்கிய கடல் நீரிலேயே வளர விட்டார்கள். அது நீர்த்த கஞ்சிக்குப் பழகிய உயிர். நாங்கள் இத்தனை வருடமும் அதற்கு விருந்து வைத்து, அது சாப்பிட வரவில்லை என்பதால் அப்படி ஒருவர் ஊரில் இல்லை என்று எழுதிவிட்டோம்.

நுண்ணங்கி வளையம்

இனி அவை என்ன செய்கின்றன என்பது. 1974இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோறன்ஸ் பொமறோய் ஒரு கட்டுரை எழுதினார். வலையில் சிக்கும் உயிர்களை மட்டும் வைத்துக் கடலின் உணவுக் கணக்கை எழுதுகிறோம், ஆனால் கடலின் சுவாசத்தில் பெரும்பங்கு வலைக்கண்ணுக்குள்ளால் நழுவிப்போகும் மிகச் சிறியவற்றினுடையது என்றார். அன்று பலர் அதை நம்பவில்லை.

1983இல் ஸ்கிரிப்ஸ் நிலையத்தின் ஃபாறூக் அசாமும் வேறு ஐந்து அறிஞர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்தக் கருத்துக்கு எண்களும் பெயரும் கொடுத்தது. பெயர், நுண்ணங்கி வளையம்.

பழைய பாடம் ஒரு நேர்க்கோடு. பாசி ஒளித்தொகுப்பால் உணவு செய்கிறது, பாசியைச் சிறு இறால் போன்றவை தின்கின்றன, அவற்றை மீன் தின்கிறது, மீனை நாம் தின்கிறோம். நானும் கரும்பலகையில் இந்தக் கோட்டைத்தான் போட்டேன். புதிய பாடம் இப்படி. பாசிகள் உயிரோடிருக்கும்போதே தாங்கள் செய்த உணவில் ஒரு பகுதியை நீரில் கசிய விடுகின்றன. விலங்குகள் தின்னும்போது சிந்துகின்றன. இப்படிக் கரைந்தது எல்லாம் நேரே மீனுக்குப் போகாது. பற்றீரியா அதை உறிஞ்சி உடலாக்குகிறது. பற்றீரியாவை நுண்ணிய ஒருகல உயிர்கள் தின்கின்றன, அவற்றைச் சற்றுப் பெரியவை தின்கின்றன. சிந்தியதில் ஒரு பங்கு மீண்டும் உணவுச் சங்கிலிக்கு வருகிறது. மிச்சம் காபனீரொட்சைட்டாக வெளியே போகிறது. கடலில் ஒளித்தொகுப்பால் உண்டாகும் உணவில் ஏறத்தாழப் பாதி இந்தச் சுற்றுவழியால் போகிறது என்பது இன்றைய கணக்கு.

1989இல் நோர்வேயின் பேர்கன் நகர ஆய்வாளர்கள் இன்னொரு அதிர்ச்சி கொடுத்தார்கள். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கடல் நீரில் பற்றீரியாக்களை விடவும் அதிகமாக வைரசுகள் இருந்தன. சாதாரணமாக மில்லிலீற்றருக்கு ஒரு கோடி. பயப்பட வேண்டாம், இவற்றில் மிகப் பெரும்பாலானவை பற்றீரியாக்களையும் பாசிகளையும் மட்டும் தாக்குபவை. கடலின் நுண்ணங்கிகளில் ஐந்தில் ஒரு பங்கை இவை நாள்தோறும் உடைக்கின்றன என்று மதிப்பிடுகிறார்கள். உடைந்த உடல் மீண்டும் கரைந்த சேதனப் பொருளாகிறது. கஞ்சி வற்றாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறாயிரம் ஆண்டுப் பழசு

இவ்வளவு பேர் சாப்பிடக் காத்திருக்கும்போது களஞ்சியம் எப்படி மிஞ்சுகிறது? இங்கே ஒரு சாப்பாட்டுப் பெட்டிக் கதை.

1968 ஒக்டோபர் 16ஆம் திகதி அல்வின் என்ற அமெரிக்க ஆய்வு நீர்மூழ்கியைக் கடலில் இறக்கும்போது கம்பிவடம் அறுந்தது. உள்ளே இருந்த மூவரும் தப்பி வெளியே வந்தார்கள். நீர்மூழ்கி 1,540 மீற்றர் ஆழத்தில் போய் இருந்தது. பத்து மாதத்துக்கு மேல் கழித்து, 1969இல் அதை மேலே தூக்கினார்கள். மூவருக்கும் கட்டிக் கொடுத்த மதியச் சாப்பாடு உள்ளேயே இருந்தது. சான்ட்விச், அப்பிள், சூப். நனைந்திருந்ததே தவிரப் பழுதாகவில்லை. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபோது சில வாரங்களில் கெட்டுவிட்டது. நுண்ணங்கியியலாளர் ஹொல்கர் யனாஷ் இதைப் பார்த்து, ஆழ்கடலில் வேண்டுமென்றே சேதனப் பொருட்களை இறக்கிப் பரிசோதனைகள் செய்து 1971இல் முடிவை வெளியிட்டார். குளிரும் அழுத்தமும் நிறைந்த ஆழ்கடலில் மேலிருந்து விழும் உணவை நுண்ணங்கிகள் மிக மெதுவாகவே சிதைக்கின்றன என்பது அந்த முடிவு.

எவ்வளவு மெதுவாக என்பதைக் காபன் 14 சொன்னது. தொல்பொருள் ஆய்வில் எலும்புக்கும் கரிக்கும் வயது பார்க்கும் அதே முறைதான். 1969இல் பீற்றர் வில்லியம்ஸ் குழுவினர் பசிபிக்கின் ஆழ்நீரில் இருந்து சேதனக் காபனைப் பிரித்து வயது பார்த்தார்கள். 3,400 ஆண்டுகள் என்று வந்தது. 1987இல் வில்லியம்சும் எலன் டிறஃபலும் வட பசிபிக்கின் நடுப்பகுதியில் இருந்து எடுத்த ஆழ்நீரில் அது ஏறத்தாழ 6,000 ஆண்டுகள். கடல் நீர் ஆழத்துக்கு இறங்கி மீண்டும் மேலே வரும் ஒரு சுற்றுக்கே ஆயிரம் ஆண்டு அளவில்தான் எடுக்கும். ஆகவே இந்தக் காபனில் ஒரு பகுதி பல சுற்றுகள் சுற்றியும் யாராலும் தின்னப்படாமல் இருக்கிறது.

ஏன் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. நுண்ணங்கிகள் நல்லதைத் தின்றுவிட்டுச் சிதைக்கக் கடினமானதை மிச்சம் விடுகின்றன, தாங்களும் அப்படியானதை உண்டாக்குகின்றன என்பது ஒன்று. 2010இல் சீனாவின் நியான்சி ஜியாவோவும் சகாக்களும் இதை நுண்ணங்கிக் காபன் பம்பி என்று அழைத்தார்கள். மற்றது, ஆயிரக்கணக்கான பொருட்கள் ஒவ்வொன்றும் அணுவளவாக இருப்பதால் தேடித் தின்பது கட்டுப்படியாகாது என்பது. 2015இல் ஒரு குழு ஆழ்நீரில் இருந்த சேதனப் பொருளைச் செறிவாக்கிக் கொடுத்தபோது நுண்ணங்கிகள் அதைத் தின்று பெருகின. இரண்டிலும் உண்மை இருக்கலாம்.

இது வெறும் அறிவுப் பசி அல்ல. அந்தக் களஞ்சியத்தில் நூற்றில் இரண்டு பங்கு ஒரே ஆண்டில் காபனீரொட்சைட்டாக மாறினால், உலகம் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் வாயுவும் எரித்து விடும் காபனை அது மிஞ்சிவிடும். அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. இதைச் சரியாக அளக்கத் தெரிவது ஏன் முக்கியம் என்று மட்டும் சொல்கிறேன்.

சுசுகியின் குறிப்பு

நேயர்களே, இனி நான் சொல்லப்போவதுதான் அந்த உறையில் இருந்தவற்றில் என்னை மிகவும் பாதித்தது.

1988இல் யப்பானைச் சேர்ந்த யூக்கியோ சுகிமுறா, யொஷிமி சுசுகி இருவரும் ஒரு புதிய அளவீட்டை வெளியிட்டார்கள். கடல் நீரின் சிறு துளியை, 680 பாகை வெப்பத்தில் உள்ள பிளாற்றின ஊக்கியின் மேல் விட்டு எரித்து, வரும் காபனீரொட்சைட்டை அளப்பது. பழைய முறைகள் காட்டியதைவிட மேற்பரப்பு நீரில் சில மடங்கு அதிகமான சேதனக் காபன் வந்தது. பழைய முறைகள் கடினமான பொருட்களை எரிக்காமல் விட்டுவிட்டன, அதுவரை எல்லோரும் குறைத்துத்தான் அளந்தார்கள் என்பது அதன் பொருள்.

கடலியல் உலகம் கலங்கிப்போனது. பாடப் புத்தகங்களின் காபன் கணக்கை மாற்ற வேண்டும். பல ஆய்வுகூடங்கள் புதிய கருவிக்கு மாறின. ஆனால் ஒருவருக்கு வந்த எண் மற்றவருக்கு வரவில்லை. 1991இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஒரு பட்டறை கூடியது. ஒரே நீரைப் பல ஆய்வுகூடங்களுக்கும் கொடுத்து அளந்து பார்த்த முடிவுகளை அங்கே ஒப்பிட்டார்கள். விடைகள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன.

பிழையின் பெரும் பகுதி கருவியின் வெறுமை அளவில் இருந்தது. கடையில் சீனி நிறுக்கும்போது முதலில் வெறும் பாத்திரத்தின் நிறையைக் கழிக்க வேண்டும் அல்லவா? அதுபோல ஊக்கியிலும் கருவியிலும் "தூய" நீரிலும் கூடக் கொஞ்சம் காபன் இருந்தது. அதைச் சரியாகக் கழிக்காவிட்டால் அந்தக் காபனும் கடலின் கணக்கில் ஏறிவிடும்.

1993இல் அந்தப் பட்டறையின் கட்டுரைகள் வெளிவந்த இதழிலேயே சுசுகி ஒரு சிறு குறிப்பு எழுதினார். தங்களுடைய முந்திய முடிவுகளைத் திரும்பப் பெறுவதாகத் தன் பெயரிலேயே அறிவித்தார். துறையையே திருப்பிப் போட்ட ஒரு கண்டுபிடிப்பு அது. சாக்குச் சொல்லலாம். பேசாமல் இருந்து, காலம் மறக்கட்டும் என்று விடலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் பயன்படுத்திய முறை குப்பைக்குப் போகவில்லை. வெறுமை அளவைச் சரியாகக் கழிக்கப் பழகிய பிறகு, அதே உயர் வெப்ப எரிப்பு முறையைத்தான் இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். மயாமிப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஹான்செலின் ஆய்வுகூடம், அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கடல் நீரைச் சிறு குப்பிகளில் அடைத்து மற்ற ஆய்வுகூடங்களுக்கு வழங்கத் தொடங்கியது. நான் மேலே சொன்ன 66,200 கோடி தொன் என்ற மதிப்பீடும், இப்படித் திருத்தப்பட்ட அளவீடுகளில் இருந்து 2009இல் ஹான்செலும் சகாக்களும் வெளியிட்டதுதான். அந்தச் சர்ச்சை இல்லாவிட்டால் இந்த எண்ணும் இல்லை.

இதைப் படித்த பிறகு என் மாணவிக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் ஆய்வுகூடத்தில் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒவ்வொரு நாளும் காலமை முதலிலை ஒண்டுமில்லாததைத்தான் சேர் அளக்கிறனாங்கள். பிறகுதான் தண்ணியை" என்றார்.

அன்று அவர் கேட்ட கேள்விக்கு "தெரியாது பிள்ளை, பார்த்துச் சொல்கிறேன்" என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் பெரிய நூலகம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு போத்தலும் ஒரு பிடி உப்பும் இருந்தன. அவர் செய்து பார்த்தார். நான் செய்யவில்லை. அந்த வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். எல்லோருடைய கொப்பியிலும் நான் சொன்ன வரி இருந்திருக்கும். அவர்களில் சிலர் இந்த வானொலியைக் கேட்கிறார்கள். சிலர் எங்கே என்று எனக்குத் தெரியாது. சிலர் இன்று இல்லை. எட்டக்கூடியவர்களுக்காவது எட்டட்டும் என்று இதை எழுதுகிறேன்.

திருத்தம் இதுதான்: கடல் நீரில் இருந்து உப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர் அல்ல. அதில் கோடிக்கணக்கான நுண்ணங்கிகளும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான கரைந்த சேதனப் பொருளும் இருக்கின்றன.

வீட்டில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு இதைச் செய்து பாருங்கள். மூன்று சுத்தமான போத்தல்கள் எடுங்கள். சவர்க்காரம் கொஞ்சமும் ஒட்டியிருக்கக் கூடாது. ஒன்றில் குழாய்த் தண்ணீர், இரண்டாவதில் குழாய்த் தண்ணீரும் உப்பும், மூன்றாவதில் ஆறிய கஞ்சித் தண்ணீர். மூன்றையும் ஒரே அளவு நேரம் குலுக்கி வைத்துவிட்டு, எதில் நுரை நிற்கிறது என்று பாருங்கள். அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, பெரும் காற்றுக்குப் பிறகு கரையில் ஒதுங்கும் நுரை என்ன என்று அவர்களே சொல்லுவார்கள். ஆனால் துறைமுகத்துக்கும் கழிவுநீர் வாய்க்காலுக்கும் பக்கத்தில் உள்ள நுரையில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். அங்கே கலந்திருப்பது வேறு.

இந்தப் பேச்சிலும் பிழை இருந்தால் வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள், அல்லது அழையுங்கள். இந்த முறை நாற்பது வருடம் பொறுக்க வேண்டாம்.